ஆறாவது வார்டின் மத்தியானம்

பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

வீட்டில் எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அத்தானுக்குச் சர்க்கரை இறங்கியதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் வாழ்த்துச் சொல்லலாம் என்று பார்த்தால் அவள் பிடுங்கிக்கொண்டு அரைமணி நேரம் பேசுகிறாள். "தம்பியும் நல்லா இருக்கான்" என்று எனக்கும் சேர்த்து அவளே சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். அதனால் பழையபடி கடிதம்தான்.

சமத்துவ, மனித உரிமை ஆணையத்தின் தலைவர்! அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுக்காரர், "அப்ப எங்க தண்ணி பைப்பையும் பாக்கச் சொல்லுங்க" என்றாராம். தொழிலாளர் கோர்ட்டில் முப்பது வருஷம் கத்தின தொண்டைக்கு இப்போதுதான் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. என் வீட்டு உள்துறை அமைச்சர் உனக்குத் தனியாக வாழ்த்துச் சொன்னாள்.

நான் அதே மனநல மருத்துவமனை, அதே ஆறாவது வார்டு, அதே நர்ஸ் வேலை. நாற்பத்திரண்டு பேர். அதில் ஒருவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். யார் உள்ளே வந்தாலும் டிக்கெட் கேட்பார். போன வாரம் சூப்பரண்டு ரவுண்ட்ஸ் வந்தபோது, "உள்ள போங்க சார், படியில நிக்காதீங்க" என்றார். சூப்பரண்டும் பேசாமல் உள்ளே போய்விட்டார். காலையில் இப்படிக் கலகலப்பாக இருக்கும். மத்தியானம் அமைதி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் பரவாயில்லை. அத்தான் சர்க்கரையை மறைத்துத் தின்கிறார், நான் கண்டுபிடிக்கிறேன், இப்படியே போகிறது. அம்மாவின் கண்ணில் புரை முற்றிவிட்டது என்று போனில் சொன்னாள். டாக்டரைப் பார்த்தாயா?

ஆணையத்தில் என்னோடு சேர்த்து ஏழு பேர். துணைத் தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எல்லோரும் டீச்சரம்மா என்கிறோம். கூட்டத்தில் யாராவது குறுக்கே பேசினால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், அடங்கிவிடுவார்கள். ஒருவருக்கு நான் மனதுக்குள் ஆமாம்சாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். தலைவர் என்ன நினைக்கிறார் என்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறப்பார். அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மனுவிலும் மற்ற ஆறு பேரும் பேசி முடித்த பிறகுதான் தலைவர் பேசுவது. பாவம், ஆமாம்சாமி திண்டாடுகிறார்.

முதல் மாதம் இரண்டு காரியம் செய்தேன். விசாரணை அறை மாடியில் இருந்தது. சக்கர நாற்காலியில் வந்தவர்களைக் கீழே காவலாளியின் மேஜையருகே வைத்து விசாரித்திருக்கிறார்கள். சமத்துவ ஆணையத்தில்! அறையைக் கீழே மாற்றிவிட்டேன். இன்னொன்று, எந்த விடுதிக்கும் மருத்துவமனைக்கும் பார்வையிடப் போவதென்றால் இதுவரை முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் போவார்கள். போய்ச் சேரும்போது பெயின்ட் வாசனை மூக்கைத் துளைக்கும். இனிமேல் சொல்லாமல் போவது என்று ஆணையம் முடிவெடுத்து அறிவித்துவிட்டது. நாள் எனக்கும் செயலருக்கும் மட்டும் தெரியும். அமைச்சகத்துக்கு இது பிடிக்கவில்லை.

நாற்பத்திரண்டு பேர் இருக்கிற வார்டு மத்தியானத்தில் எப்படியடா அமைதியாக இருக்கும்?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்கா,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி குறையில்லை. அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டினேன். ஜூலைக்கு மேல் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்றார். அம்மா பக்கத்து வீட்டுப் பூனையை நம் பூனை என்று நினைத்துத் தினமும் பால் வைக்கிறாள். நமக்கு ஏது பூனை என்று கேட்டால், "அதுக்குத் தெரியுமா அது யாரு பூனைன்னு" என்கிறாள்.

உள்துறை அமைச்சர் தையல் வகுப்பு தொடங்கியிருக்கிறாள். வீட்டில் கால் வைத்தால் ஊசி.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் ஒன்று கேட்டார். உங்கள் ஆணையத்துக்குப் பெயர் போடாமல் மனு எழுதினால் படிப்பீர்களா, குப்பையில் போட்டுவிடுவீர்களா என்று. எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

உன் தம்பி


ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

பெயர் போடாத மனுவையும் படிப்போம். பெயர் போட பயப்படுகிறவர்களுக்குத்தானே ஆணையமே.

இனி எழுதப்போவதைக் கவனமாகப் படி. செய்தித்தாளில் வந்ததற்கு மேல் ஒரு வார்த்தைகூட நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. உங்கள் மருத்துவமனையைப் பற்றி மனு வந்திருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணிவரை நோயாளிகளைத் துணிப் பட்டையால் கட்டிலோடு கட்டிவைக்கிறார்கள் என்று. யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லாதே.

என் தம்பி அங்கே நர்ஸாக இருக்கிறான் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அவனும் கட்டுகிறானா என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் அந்த மனுவில் பேச வேண்டாம், ஓட்டுப் போட வேண்டாம், பார்வையிடப் போக வேண்டாம் என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். உத்தரவுகளில் மட்டும் சட்டப்படி தலைவர் கையெழுத்து வேண்டும்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். அம்மாவைப் பற்றி எழுது, பூனையைப் பற்றி எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 25

அன்புள்ள அக்கா,

பூனை நன்றாக இருக்கிறது. அம்மாவும்.

நீ எழுதாதே என்றதால் வேலையைப் பற்றி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் வேலையைத் தவிர வேறு ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. அதனால் இந்தத் தடவை இவ்வளவுதான்.

இப்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு மத்தியானத்தில் இறங்குவதில்லை. வீட்டு அமைச்சர் கட்டிக்கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து திட்டு வாங்குகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


மே 14

அன்புத் தம்பிக்கு,

சுகமா?

அம்மாவின் கண்ணை ஜூலைவரை தள்ளிப்போடாதே. டாக்டரிடம் பேசி ஜூன் முதல் வாரத்தில் நாள் வாங்கு. அந்த வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு அவள் கூடவே இரு. அதற்கு அடுத்த வாரம் வேண்டாம், முதல் வாரமே நல்லது. செலவுக்கு நான் அனுப்புகிறேன்.

மறக்காதே.

உன் அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு ஒன்றுமில்லை. கண் ஆபரேஷன் ஜூலையில்தான். நான் லீவு போடவில்லை.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது, அக்காவுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை படித்தபோது புரிந்துவிட்டது. பக்கம் பக்கமாக எழுதுகிறவள் ஐந்தாறு வரியில் முடித்திருக்கிறாய். அந்த வாரம் உங்கள் ஆட்கள் வருகிறார்கள். நான் அங்கே இருக்கக் கூடாது என்று நீ நினைக்கிறாய். உனக்கே தெரியாமல் எழுதிவிட்டாய் என்றுதான் இன்னமும் நம்புகிறேன்.

நீ என்னிடம் கேட்காததை இப்போது சொல்கிறேன். நானும் கட்டுகிறேன். பதினோரு வருஷமாக. மத்தியானம் ஷிஃப்ட் மாறுகிறபோது நாற்பத்திரண்டு பேருக்கு ஒரே நர்ஸ். ஒருவர் மாடிப்படியில் விழுந்தார் என்று எப்போதோ ஆரம்பித்தது, அப்படியே வழக்கமாகிவிட்டது. புதிதாக வருகிற நர்ஸுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பதற்கு முன் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கிறோம். அந்த மனுவை நான் எழுதவில்லை. பெயர் போடாமல் எழுதலாமா என்று கேட்டது நான்தான், கூட வேலை பார்ப்பவர் யாரும் இல்லை. ஆனால் எனக்கு முன்னால் யாரோ எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

சூப்பரண்டிடம் சொல்லியிருந்தால் ஒரே நாளில் வார்டைத் துடைத்துவைத்திருப்பார்கள். லீவு போட்டிருந்தால் என் இடத்தில் வேறொருவன் மாட்டியிருப்பான். மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அந்த வாரம் மட்டும் யாரையும் கட்டாமல் விட்டிருக்கலாம். என்னால் முடிந்திருக்கும். ஒரு வாரம் ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் ஆட்கள் வந்து நல்ல வார்டு என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கண்டக்டர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு வேணாம் சார். கை வலிக்குது" என்றார். மற்ற நாளாக இருந்தால் அவரை விட்டிருப்பேன், பல நாள் விட்டிருக்கிறேன். அந்த வாரம் விடவில்லை. "இந்த வாரம் மட்டும் பொறுத்துக்குங்க" என்று சொல்லிக் கட்டினேன். அரைமணி நேரத்தில் நான்கு பேர் வந்தார்கள். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற உங்கள் டீச்சரம்மா ஒவ்வொரு கட்டிலாக நின்று பார்த்துவிட்டு, "இதை யார் கட்டினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அது போகட்டும். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

உன் தம்பி


ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு, தூக்கம் இரண்டும் இல்லை. அத்தானிடம் சொல்லி அழுதேன்.

எனக்குத் தெரியாமல் எழுதவில்லை. உன் அக்கா அவ்வளவு வெகுளி இல்லை. பார்வையிடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். தேதியைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து உனக்குக் கடிதம் எழுதினேன். நீ கையில் பட்டையோடு நிற்பதை அவர்கள் பார்க்கக் கூடாது என்ற நினைப்பைத் தவிர அப்போது என் மண்டையில் வேறெதுவும் இல்லை. நான் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தால் டீச்சரம்மா கையெழுத்துப் போட்டிருப்பார், எனக்கு நாளே தெரிந்திருக்காது. அதைச் செய்யவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அறிக்கை இருபத்தெட்டாம் தேதி கூட்டத்துக்கு வருகிறது. அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடப்போகிறேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

உன் அக்கா


ஜூன் 22

அக்கா,

சொல்லாதே. காலில் விழுந்து கேட்கிறேன், சொல்லாதே.

நீ சொன்னால் மருத்துவமனை வக்கீல் என்ன பேசுவார் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வருகிறார்கள் என்று அக்கா தம்பிக்குச் சொல்லிவிட்டாள், தம்பி வேண்டுமென்றே கட்டிவைத்துக் காட்டினான், எல்லாம் நாடகம் என்பார். அதில் பாதி உண்மை வேறு. அறிக்கை குப்பைக்குப் போகும். நீ உண்மை பேசினவள் என்ற நல்ல பெயரோடு வீட்டுக்குப் போவாய். கண்டக்டர் கட்டிலுக்குப் போவார். யாருக்காக இந்த நியாயம்?

அன்றைக்கு அவர் கேட்டும் நான் கட்டினேனே, அதுவும் வீணாகப் போகட்டும் என்கிறாயா?

ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இரு.

தம்பி


ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

அம்மாவுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று போனில் சொன்னாள். உன்னைக் கூப்பிடச் சொன்னேன். வெளியே போயிருக்கிறாய் என்றாள். பின்னால் உன் இருமல் கேட்டது.

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். எப்போதும் கடைசியில் பேசுகிறவள் அன்று முதலில் பேசினேன். ஆமாம்சாமிக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் திட்டவில்லை. டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார். ஆமாம் என்றேன். "சரி, குறிப்புல எழுதிக்குங்க" என்று செயலரிடம் சொன்னார்.

நீ சொன்னபடியே நடந்தது. அறிக்கையை நிறுத்திவைத்துவிட்டார்கள். மருத்துவமனை வக்கீல் நாடகம் என்ற வார்த்தையையே போட்டு எழுதியிருக்கிறார். நான் விலகிவிட்டேன். அமைச்சகத்தில் ஒரு கேள்வியும் கேட்காமலே ஏற்றுக்கொண்டார்கள். டீச்சரம்மா தலைவர். மனு இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்க ஒன்றுமில்லை.

யாருக்காக இந்த நியாயம் என்று கேட்டாய். அந்த அறையில் வந்து நிற்கிறவர்களிடம், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று ஐந்து மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் மறைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இது உனக்குப் பதிலாகாது என்று தெரியும். கண்டக்டருக்கு நிச்சயமாகப் பதிலாகாது.

கோபம் தீர்ந்ததும் எழுது.

உன் அக்கா


ஆகஸ்ட் 27

அன்புத் தம்பிக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் மனைவி, நீ காலையில் கிளம்பி எங்கேயோ போய்விட்டு இருட்டின பிறகு வருகிறாய் என்று எழுதியிருந்தாள். வேறு வேலை தேடுகிறாயா?

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் பளிச்சென்று தெரிகிறது. பூனை நம்முடையது இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டாள், பால் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டக் கூடாது என்று ஆணையம் உத்தரவு போட்டுவிட்டது. ஆறாவது வார்டுக்கு மத்தியானத்தில் இன்னும் மூன்று நர்ஸ். நேற்று மத்தியானம் வாசல்வரை போய்ப் பார்த்தேன், உள்ளே விடமாட்டார்கள். ஜன்னல் வழியாக ஒரே சத்தம். அந்த நேரத்தில் அந்த வார்டில் சத்தம் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

உன் மேல் எனக்குக் கோபம்தான். ஒரு மாதம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். பிறகு ஒருநாள், அக்கா சொல்லிவிட்டாள், நான் இன்னும் முழுக்கச் சொல்லவில்லையே என்று தோன்றியது. கிளம்பி உங்கள் ஆணையத்துக்குப் போய் டீச்சரம்மாவைப் பார்த்தேன். "அந்த வியாழக்கிழமையை விட்டுடுங்க மேடம். அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் இருக்கு, அதை எழுதிக்குங்க" என்றேன். யார் யாருக்குக் கட்டினேன், எந்தக் கட்டில், யார் கற்றுக்கொடுத்தது, நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தேன், எல்லாம் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தேன். எழுதி முடிக்கவே பல நாள் ஆயிற்று. தினமும் காலை பஸ்ஸில் கிளம்பிப் போனது அங்கேதான், உன் வீட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் இப்போது எதிரில் வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போகிறார்கள். என் மேல் கேஸ் வரும் என்று டீச்சரம்மா முன்னாலேயே சொன்னார். வந்துவிட்டது.

விசாரணை அன்று மருத்துவமனை வக்கீல் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். பழைய தலைவரின் தம்பி, அக்காவின் மானத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறான், இவன் சொல்லுக்கு வேறு யார் சாட்சி என்றார். டீச்சரம்மா நோயாளிகளையே கூப்பிட்டார். மனநிலை சரியில்லாதவர்கள் சொல்வது எப்படிச் செல்லும் என்று வக்கீல் எழுந்தார். "சமத்துவம்னு போர்டு மாட்டிக்கிட்டு, நீ பேசாதேன்னு நான் யார்கிட்ட சொல்றது? உக்காருங்க" என்றார் அவர். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீ கீழே கொண்டுவந்த அந்த அறையில்தான் இதெல்லாம்.

மூன்றாவதாகக் கண்டக்டர் வந்தார். சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு, தலை படிய வாரி, பார்க்க ஜோராக இருந்தார்.

"உங்களை யாராவது கட்டிவைப்பாங்களா?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"தெனமும்."

"கட்டினவங்க இந்த ரூம்ல இருக்காங்களா?"

அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இவருதான்" என்றார்.

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "இவர் மட்டும்தானே? மத்தவங்க யாரும் இல்லையே?" என்று கேட்டார்.

"எல்லாரும் கட்டுவாங்க. இவரு மெதுவாக் கட்டுவாரு. ரத்தம் ஓடுதான்னு விரலை விட்டுப் பாப்பாரு. இவரு டூட்டின்னா எங்களுக்கு சந்தோஷமா இருக்கும்."

சாட்சியம் பதிகிற பெண் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் என்னை மாட்டிவிடச் சொல்லவில்லை, அக்கா. எனக்காகப் பரிந்துதான் பேசினார். நல்ல மனுஷன் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று, திரும்பி டீச்சரம்மாவிடம் இன்னொரு தடவையும் சொன்னார். நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டீச்சரம்மா என்னைக் கேட்டார். எழுந்து நின்றேன். "அவரு சொன்னதை அப்படியே எழுதிக்குங்க மேடம்" என்றேன்.

அம்மா கேட்டால் விசாரணை நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் சொல்.

உன் தம்பி